பதினாறை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சூதாட்ட நகரமான ரீனோவில் ஆர்லோ பெண்டரைப் போல் மரியாதையாகத் தோற்கத் தெரிந்தவர் இன்னொருவர் கிடையாது. ஏர்கண்டிஷன் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை முந்த வேண்டிய ‘இருபத்தொன்று’ மேஜையில் அவரைத் தேடி வருவது பெரும்பாலும் பதினாறுதான். சபிக்கப்பட்ட கை அது. இன்னொரு சீட்டு கேட்டால் இருபத்தொன்றைத் தாண்டிச் சாகும். கேட்காவிட்டால் விடுதிக்காகச் சீட்டுப் போடும் டீலர் நிதானமாக வந்து கொல்வார். டீலர் முன்னால் பத்து மல்லாந்து கிடந்தால் விவேகி செய்யக்கூடியது ஒன்றுதான். மேஜைத் துணியில் விரலால் கோடு கிழித்துச் சரணடைய வேண்டும். பந்தயத்தில் பாதி போகும், பாதி திரும்பி வரும். வாயால் சொன்னால் செல்லாது. கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காது கிடையாது என்பதால் எல்லாமே கைச்சைகை.

இந்த ஞானத்தை மேஜையோடு விட்டிருக்கலாம். ஆர்லோ வாழ்க்கைக்கும் நீட்டினார். படம் சரியில்லையென்றால் பாதியில் எழுந்து வந்து கவுண்டரில் பாதிக் காசு கேட்பார். முடிவெட்டும் போக்கு பிடிக்காவிட்டால் பாதித் தலையோடு நாற்காலியைவிட்டு இறங்கிவிடுவார்.

மனைவி லொரேட்டா ஊரின் ஒரு சூதாட்ட விடுதியில் டீலர். சொந்தக்காரர்களுக்குச் சீட்டுப் போடக் கூடாது என்று அங்கே விதி. ஆகவே இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தது சாப்பாட்டு மேஜையில் மட்டும்தான். அங்கேயும் சைகைதான். உருளைக்கிழங்கு மசியல் இன்னும் வேண்டுமென்றால் ஆர்லோ மேஜையைத் தட்டுவார். போதுமென்றால் உள்ளங்கையை இடமும் வலமும் ஆட்டுவார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. விபரீதம் அங்கேதான் ஆரம்பம். தன் கையைப் பார்த்தார்: கிரீச்சிடும் முழங்கால், குறட்டை, ஒல்லியான பென்ஷன். சந்தேகமேயில்லை, பதினாறு. எதிரே லொரேட்டா: வேலை, பௌலிங்கில் ஜெயித்த கோப்பைகள், ஊரெல்லாம் சிநேகிதம். சுத்தமான பத்து. போதாக்குறைக்கு வசந்தத்திலிருந்து அவள் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. என்றைக்கானாலும் துரத்தத்தான் போகிறாள்; நாமே முந்திக்கொண்டால் பாதியாவது தேறும். விவாகரத்து என்றால் சொத்து பாதிக்குப் பாதி என்பது நெவாடா சட்டம். அதை எழுதியவர்கள் நல்ல சீட்டாடிகள் என்பதில் ஆர்லோவுக்கு ஐயமில்லை.

அந்த வாரமே சோபாவை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார்.

வேலை முடிந்து வந்த லொரேட்டா வாசலிலேயே நின்றாள். “என்னய்யா இது?”

“இடது பாதி உன்னுது. நல்ல ஸ்பிரிங் எல்லாம் அதுலதான் இருக்கு.”

“நாய என்ன பண்ணப் போற?”

“அத இன்னும் யோசிக்கல.”

“யோசி, யோசி. ரம்பம் கையிலதான இருக்கு.” தன் பாதியில் போய்ப் படுத்தாள். அது அவளோடு சேர்ந்து சாய்ந்தது.

ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்துக் கோர்ட்டில் நீதிபதி விட்கோம் அம்மாள் மனுவைப் புரட்டினார். “காரணம்?”

“என்கிட்ட பதினாறு, ஜட்ஜம்மா. அவகிட்ட பத்து.”

வேறு ஊராக இருந்தால் வைத்தியரைக் கூப்பிட்டிருப்பார்கள். விட்கோம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். “சரணடையறதுன்னா முதல் ரெண்டு சீட்டோட சரணடையணும், மிஸ்டர் பெண்டர். முப்பது வருஷம் ஆடிட்டு இப்ப வந்து கோடு கிழிச்சா எப்படி?”

“நடுவுல நான் சீட்டே வாங்கல, அம்மா. கல்யாணத்தப்ப வந்த அதே ரெண்டுதான்.”

நீதிபதி ஆழ்ந்து யோசித்தார். “அதுவும் நியாயம்தான். நீங்க என்ன சொல்றீங்க, மிஸஸ் பெண்டர்?”

லொரேட்டா எழுந்தாள். “எனக்குப் பத்துன்னு இந்த ஆளுக்கு யாரு சொன்னது? ஒரு தடவையாவது நிமிந்து பாத்தாரா?”

எதையும் ஒளிக்கவில்லை என்று காட்ட டீலர்கள் செய்வதுபோல் இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள். விரல் கணுக்கள் கொட்டைப்பாக்கு மாதிரி வீங்கியிருந்தன.

“வசந்தத்துலேருந்து இப்படித்தான். சீட்டு நழுவுது. அடுத்த மாசம் என்னை, ஆட வர்றவங்க கோட்ட வாங்கி மாட்டுற இடத்துக்கு மாத்துறாங்க. என்கிட்ட இருக்கறது ஆறு, ஜட்ஜம்மா. வெறும் ஆறு.”

டீலரிடம் ஆறு என்றால் என்னவென்று வாசல் காவலருக்குக்கூடத் தெரியும். டீலர் இன்னும் சீட்டு எடுத்தே தீர வேண்டும். தாண்டிச் சாகும் ஆபத்து அவருக்குத்தான். எதிரே இருப்பவர் எவ்வளவு மோசமான கையோடும் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பதே விவேகம்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?” என்றார் ஆர்லோ.

“மல்லாத்தித்தான்யா வச்சிருந்தேன்! ஊறுகாய் பாட்டில தினமும் உன்கிட்டதான திறக்கச் சொல்லி நீட்டுனேன்? மூடியத்தான் பாத்த. கையப் பாத்தியா?”

கோடு கிழிக்க நீட்டிய ஆர்லோவின் விரல் அப்படியே நின்றது. பிறகு உள்ளங்கை விரிந்தது. மேஜைக்கு மேலே இடமும் வலமுமாக ஆட்டினார்.

டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஊருக்குப் புதியவர். “வாயத் திறந்து சொல்லுங்க, சார்.”

“வாய்ப்பேச்சு செல்லாது,” என்றார் நீதிபதி. “போதும், இருக்கறத வச்சுக்கறேன்னு அர்த்தம். மனு தள்ளுபடி.”

விவாகரத்து கிடைத்தவர்கள் மோதிரத்தை ஆற்றில் எறியும் பாலத்தின்மேல் இருவரும் நடந்தார்கள். லொரேட்டா தன் மோதிரத்தைத் திருகிப் பார்த்தாள். வீக்கத்தில் அசையவில்லை.

“கேஸ் ஜெயிச்சிருந்தாலும் இது கழண்டிருக்காது. அதுக்கும் ரம்பம் கொண்டு வந்திருப்ப.”

“சோபாவ என்ன பண்ணட்டும்?” என்றார் ஆர்லோ.

“ஒட்டு. முழுசா ஒட்டு. பாதியில எந்திரிச்சு வந்தியோ, இருக்கு உனக்கு.”