அரை நொடியில் இரண்டு படங்கள்

கார் ஓட்டவே தெரியாத ஒருத்தி பதினோரு வருடமாக ஊரில் கார் ஓட்டுகிறவர்களைக் கண்டித்துக்கொண்டிருந்தாள் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். அவளுக்கே வரும். போக்குவரத்து அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், வேகக் கேமராக்கள் அனுப்பும் படங்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. அறுபதுக்கு மேல் போகிற வண்டியைக் கேமரா அரை நொடி இடைவெளியில் இரண்டு தடவை எடுக்கும். இரண்டையும் பெரிதாக்கி, நம்பரைப் படித்து, அபராதம் போகலாம் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டில் அவளுக்கு ‘படக்காரி’ என்று பெயர். வைத்தது புருஷன். சொந்தக்காரர்கள் வண்டியில் ஏறினால், “படக்காரி பின்னாடி இருக்கா, பார்த்து ஓட்டுங்கப்பா” என்பார். அவளும் பின் சீட்டில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவாள்.

நோய் பரவுகிறது என்று ஊரை அடைத்தபோது, அந்த அறையிலிருந்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிமேல் படம் எங்கே வரப்போகிறது, ரோட்டில்தான் ஈ காக்கா இல்லையே என்று மேற்பார்வையாளர் சொன்னார். அவர் சொன்னதில் பாதிதான் பலித்தது. வண்டிகள் குறைந்தன. வேகம் தலைகால் தெரியாமல் ஏறிவிட்டது. எண்பதில் போனாலே பெரிய விஷயமாக இருந்த சாலையில் நூற்று இருபது, நூற்று நாற்பது என்று வந்தது. முன்னால் வண்டி இல்லை, பின்னால் போலீஸ் இல்லை, கேட்பார் மேய்ப்பார் இல்லை என்றதும் நல்ல மனிதர்களுக்கும் கால் நீண்டுவிட்டது. சிவப்பு விளக்கு எரியும்போது எதற்கு நிற்க வேண்டும், யாருக்காக நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது போலும்.

ஒரு ஆள் வெறும் காய்கறிப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஒரே கேமராவில் ஒரு நாளில் ஏழு தடவை அகப்பட்டார். ஏழு படத்திலும் பை காலி. வீட்டில் இருக்கப் பிடிக்காத மனிதர். இன்னொருவர் கேமராவைக் கண்டதும் தாடையில் கிடந்த முகக்கவசத்தை அவசரமாக மேலே இழுத்திருந்தார். முதல் படத்தில் தாடை, இரண்டாவது படத்தில் மூக்கு, வேகம் நூற்றுப் பதினெட்டு. அவளும் எதிர் மூலையில் இருந்த சக ஊழியரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளுக்குப் பயமாக இருக்கும். ரோடு காலி என்று நினைத்து நடக்கிறவர்களும் நடுரோட்டுக்கு வந்துவிட்டார்கள். சந்திப்பில் நாய்கள் படுத்துத் தூங்கின. ரோடு காலி என்று எல்லோருமே நினைத்தார்கள், எல்லோரும் அதில்தான் இருந்தார்கள்.

அவள் புருஷன் ஆக்ஸிஜன் சிலிண்டர் லாரி ஓட்டினார். ஊருக்கு வெளியே வாயு நிரப்பும் இடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு. மொத்தம் நாலு டிரைவர்கள். ஒருவருக்கு நோய் வந்து படுக்கையில் கிடந்தார். தலையை மழித்திருந்ததால் மொட்டை என்று அழைக்கப்பட்ட இன்னொருவரைத் தனிமையில் வைத்திருந்தார்கள். மூன்றாவது ஆள் பயந்துபோய்ப் போனையே எடுப்பதில்லை. நாலு பேர் வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. விடிவதற்கு முன் ஒரு நடை, காலையில் ஒரு நடை, பிற்பகலில் இரண்டு. வீட்டுக்கு வந்தால் முன்னறையிலேயே இருந்துகொள்வார். சாப்பாட்டுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜன்னல் வழியாகத்தான் அப்பாவுக்குக் கை காட்டுவாள். மருந்து வாசனை, தூரத்தில் ஒரு குரல், அவ்வளவுதான் வீட்டில் அவர்.

இதில் அவளுக்கு மட்டும் ஒரு ரகசிய ஆறுதல் இருந்தது. லாரி தினமும் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரிக்கு முந்தைய சந்திப்பைத் தாண்டும். அறுபதுக்கு மேல்தான் தாண்டும். ஒன்பது மணிக்கு அவள் வேலைக்கு வந்ததும் அந்தப் படம் காத்திருக்கும். மருத்துவ வண்டிகளுக்கு விலக்கு உண்டு, பட்டியலில் நம்பரைச் சரிபார்த்துத் தள்ளுபடிப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. அவளோ உடனே அழுத்த மாட்டாள். படத்தைப் பெரிதாக்கி, முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற நெற்றியைப் பார்ப்பாள், நரைத்துக்கொண்டிருக்கும் புருவத்தைப் பார்ப்பாள். இருபத்துநாலு நாளாகப் புருஷனை அவள் கிட்டத்தில் பார்த்தது அந்தத் திரையில்தான். எழுபத்திரண்டு, எழுபத்தெட்டு, எண்பத்தாறு என்று வேகம் ஏறியதைப் பார்க்காமல் இல்லை. பாவம், அவசரம் என்று அவளே சப்பைக்கட்டுக் கட்டி அவளே தள்ளுபடி செய்தாள். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பாள்.

இருபத்தைந்தாம் நாள் படத்தில் வேகம் தொண்ணூற்று நாலு. வழக்கம்போலப் பெரிதாக்கினாள். கண்கள் மூடியிருந்தன.

இமைத்திருப்பார் என்று நினைத்தாள். கேமராவில் கண் மூடுவது நடக்கிறதுதான். இரண்டாவது படத்தைத் திறந்தாள். அதிலும் மூடித்தான் இருந்தன. அரை நொடி நேரம் யாரும் இமைக்க மாட்டார்கள். தொண்ணூற்று நாலில் அரை நொடி என்றால் பதிமூன்று மீட்டர். அதற்கு முன்னால் எத்தனை மீட்டர், பின்னால் எத்தனை மீட்டர் என்று எந்தக் கேமராவும் சொல்லாது. இருக்கிற பழைய படங்களையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். எண்பத்தாறில் ஒரு கண் பாதி மூடியிருந்தது. அதற்கு முந்தின வாரம் தலை லேசாகச் சாய்ந்திருந்தது. இத்தனை நாளும் அவள் நெற்றியையும் புருவத்தையும் ரசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று மாலை வாசற்படியில் தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போகவில்லை. ஆறடி தள்ளி நின்று கேட்டாள்.

“ஏங்க, வண்டியில தூங்குறீங்களா?”

“என்ன படக்காரி, திடீர்னு விசாரணையெல்லாம் பலமா இருக்கு?” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார்.

“சிரிக்காதீங்க. படத்துல ரெண்டு கண்ணும் மூடியிருக்கு. ரெண்டு படத்துலயும்.”

“கண்ணைச் சிமிட்டியிருப்பேன்.”

“அரை நொடியாங்க சிமிட்டுவாங்க? என்கிட்டயே கதை விடுறீங்களே.”

அவர் கை நின்றது. “ரோடு காலியாத்தானே கிடக்கு. யார் மேல போய் மோதப்போறேன்? அங்க வார்டுல ஆக்ஸிஜன் மீட்டர் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கு. நான் பத்து நிமிஷம் ஓரமா நிறுத்தித் தூங்கினா, அந்தப் பத்து நிமிஷத்துக்கு யாரு பதில் சொல்றது?”

“நீங்க போய்ட்டா நாங்க யார்கிட்டங்க பதில் கேக்கறது?”

நாளையிலிருந்து அறுபதைத் தாண்டுவதில்லை என்று சொன்னார். மகள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். அவர் பண்ணவில்லை, அப்படியெல்லாம் சத்தியம் வாங்காதே என்றார். அப்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் திரையில் படம் இல்லை. சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அறுபதுக்குள் போனால் கேமரா எடுக்காது, சரி. சந்திப்புக்கே வந்து சேரவில்லை என்றாலும் எடுக்காதே. வாயு நிரப்பும் இடத்திலிருந்து வரும் வழியில் ஒரு பாலமும் இரண்டு பள்ளங்களும் இருந்தன. போன் அடித்தாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சிலிண்டர் ஏற்றி இறக்குகிற இடங்களில் போனை அணைத்துத்தான் வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்துக்கொண்டே இருந்தாள். அதற்கு நடுவில் யாரோ ஒருவரின் காய்கறி வேனுக்கு இரண்டு தடவை அபராதம் போட்டுவிட்டாள். பதினொன்றரைக்கு அவரே கூப்பிட்டு, “என்ன, பதினஞ்சு தடவை அடிச்சிருக்க?” என்றார். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதற்கும் அடுத்த நாள் படம் வந்தது. நூற்றொன்று. முதல் படத்தில் கண் மூடியிருந்தது. இரண்டாவதிலும் மூடியிருந்தது. லாரியின் இடது சக்கரங்கள் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓரத்தில் இருந்தன. ஓரத்தில் சாலை பெருக்குகிற ஒரு பெண். முதல் படத்தில் அவள் துடைப்பத்தோடு குனிந்திருந்தாள். இரண்டாவதில் துடைப்பம் மட்டும் ரோட்டில் கிடந்தது, அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. அலறல் சத்தம் ஒன்றுதான் படத்தில் இல்லை.

படக்காரியின் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று தள்ளுபடி, தினமும் அழுத்துகிறது. இன்னொன்று ‘ஓட்டத் தகுதியில்லை, லைசென்ஸ் அதிகாரிக்கு’. பதினோரு வருடத்தில் அதை அவள் ஆறேழு தடவைதான் அழுத்தியிருப்பாள், எல்லாம் குடிகாரர்கள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் ஆறடி தள்ளி நின்று, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“அத்தியாவசிய வண்டிம்மா. தள்ளுபடி போட்டு விட்டுரு. மேல கேட்டா நான் என்ன சொல்றது?” என்றவர், நம்பரை மறுபடி பார்த்தார். “இது உன் வீட்டுக்காரர் வண்டி இல்ல?”

“ஆமா சார்.”

“லைசென்ஸைப் பிடிச்சு வச்சிருவாங்கம்மா. ரெண்டு வாரமாவது ஆகும்.”

“அதுக்குத்தான் சார்.”

அவள் அழுத்தினாள். அழுத்தின நிமிடமே, அந்த வார்டில் முள் இறங்கிக்கொண்டிருப்பது அவள் கண் முன்னால் வந்து நின்றது. யாரோ ஒருவர் மூச்சுக்குத் திணறினால் அதில் தன் விரலுக்கும் பங்கு உண்டா என்று அன்று முழுவதும் நினைத்து நினைத்துப் பயந்தாள். இப்போதும் அதற்கு அவளிடம் விடை இல்லை.

மதியமே கம்பெனியில் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

“நீயா போட்ட?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“நான்தான்.”

“நல்லாப் பண்ணின.” கோபத்தில் சொன்னாரா, வேறு எதிலாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கதவில் காதை வைத்துக் கேட்டாள். குறட்டை வந்துகொண்டிருந்தது. பதினாறு மணி நேரம் தூங்கினார். மகள் ஜன்னலில் நின்று, “அப்பா செத்துட்டாராம்மா?” என்று கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குழந்தையை அதட்டிவிட்டுத் தானும் ஜன்னலில் எட்டி, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தூங்கி எழுந்ததும் அவர் போட்ட முதல் போன் கம்பெனிக்கு. மொட்டையைக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. தனிமையிலிருந்து வெளியே வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, நாலு நடையும் அவர்தான். “நல்ல ஆளு, ஓட்டிருவான்,” என்றார் புருஷன், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவள் நிம்மதியாகத் தலையாட்டினாள். அந்த நிம்மதியில் ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அதே லாரி வந்தது. ஐந்து நாற்பது. தொண்ணூற்றெட்டு. மழித்த தலை, முகக்கவசம், அதற்கு மேலே மூடிய இரண்டு கண்கள். அடுத்த படத்தைத் திறந்தாள். மூடிய இரண்டு கண்கள்.

நல்லவேளை, நம்ம ஆள் இல்லை. அவள் மனதில் முதலில் வந்தது அதுதான். வந்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாகிவிட்டது. இந்தத் தடவையும் அந்தப் பொத்தானை அழுத்தினால் லாரி ஓட்ட ஆளே இருக்காது. இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி வீட்டுக்குப் போன் போட்டாள்.

“மொட்டை அண்ணன் வீட்டு நம்பர் குடுங்க. அவர் நம்பர் வேண்டாம், வீட்டுல அக்கா நம்பர்.”

புருஷன் ஏன் என்று கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். “அவன்கிட்டயே சொல்லேன்,” என்றார் மெதுவாக.

“சொன்னா, கண்ணைச் சிமிட்டினேம்பார்.”

அவர் நம்பரைச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாகச் சொன்னார். மொட்டை அடுத்த நடைக்குக் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மேற்பார்வையாளர் பார்க்கிறாரா என்றுகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணி ஐந்தாறு தடவை அடித்தபின் ஒரு பெண் எடுத்தாள். போக்குவரத்து ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று இவள் சொன்னதுதான் தாமதம், அந்தப் பக்கம் அலறல் வந்தது.

“ஐயோ, அவருக்கு என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலக்கா. நல்லாத்தான் இருக்காரு.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “அவர் கடைசியா எப்பக்கா தூங்கினாரு?”