பெட்டியில் இல்லாத தந்தம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலையில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தேன். எழுதிய செய்திகளைக் கவரில் போட்டு, சாயங்காலம் ஐந்தரை மணி வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பஸ் போய்விட்டால் அன்றைய செய்தியும் போய்விட்டது என்று அர்த்தம். நான் செய்த பெரிய தவறு, பஸ்ஸைப் பிடித்துவிட்ட ஒரு நாளில்தான் நடந்தது.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குச் சற்று முன்னால், ஒரு வாடகை வீட்டின் முன் அறைகள் இரண்டில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருந்தது. மரத்தைக் குடைந்து, குடைந்த இடத்தில் வேறு நிறத் துண்டுகளைப் பதித்துப் பூவும் கொடியுமாகச் செய்த பழைய பொருட்கள் அங்கே இருந்தன. வெற்றிலைப் பெட்டி, சதுரங்கப் பலகை, ஒரு கதவின் பாதி. நடத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியை. போளூர் பக்கத்துச் சமணக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். சொந்தக்காரர்கள் வீடுகளிலும் ஊர் ஜினாலயத்திலும் கேட்டு வாங்கி வந்த பொருட்கள் அவை. பள்ளி விட்டு வந்தபிறகு கதவைத் திறப்பார். அனுமதி இலவசம்.

பௌர்ணமிக் கூட்டச் செய்தி முடிந்து, எழுத வேறொன்றும் கிடைக்காத ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். ஆசிரியை இரண்டு வெளிநாட்டுக்காரர்களுக்கு உள்ளறையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டினார். மணி ஐந்து. நான் இருக்கவில்லை. நடுவில் மேசைமேல் இருந்த சுவடிப் பெட்டியைக் குறிப்பெடுத்தேன். நீளம் இரண்டரை சாண். மூடியில் ஒரு தாமரை, பதினாறு வெள்ளை இதழ்கள். ஒரு மூலையில் ஓர் இலை விழுந்து குழி மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் சரியாக எழுதினேன். வெள்ளையாக, வழவழப்பாக இருந்ததால் 'தந்தம் பதித்த சுவடிப் பெட்டி' என்றும் எழுதினேன். வியாழக்கிழமை அதுவே தலைப்பாக வந்தது.

சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில், பத்திரிகை ஏஜென்ட் கடையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த ஆசிரியை வந்தார். கையில் மடித்த பேப்பர்.

"பதினாறு இதழ்னு சரியா எண்ணியிருக்கீங்க சார். அது எதுல செஞ்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அது தந்தமில்லை, வெப்பாலை மரம் என்றார். எங்கள் பக்கத்துக் குன்றுகளில் தானாக வளரும் மரம். அறுத்தால் உள்ளே பால் போல வெளுப்பு. அதன் பிறகு அவர் சொன்னதைக் கேட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று பார்த்து நடக்கிறவர்கள் அவர்கள் ஊர்ப் பெரியவர்கள். ஆகமச் சுவடி வைத்த பெட்டிக்காக ஒரு யானை செத்திருக்கிறது என்று பேப்பரில் படித்துவிட்டு ஊரே கலங்கிப் போயிருந்தது. பெட்டியை இனி ஆலயத்துக்குள் சேர்ப்பதில்லை என்று பேச்சு. மற்றக் குடும்பங்களும் தங்கள் பொருட்களைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவெடுக்கப் போகிறார்கள்.

"பெட்டி கோயிலுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. ரூமைப் பூட்டிட வேண்டியதுதான்."

திருத்தம் போடுகிறேன் என்றேன்.

"நாலாம் பக்கத்துல ரெண்டு வரி வரும். எங்க ஊர்ல அதை யார் படிப்பாங்க? நீங்க நேர்ல வாங்க."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் காட்டினார். எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ஊர்ப் பெரியவர் எழுதிய புகார். டவுனுக்குப் போகிறாயே, தபாலில் சேர்த்துவிடு என்று இவரிடமே கொடுத்திருக்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் போட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வாங்கினேன்" என்றார். அதற்கு ஆறு மாதம் முன்புதான், உயிரோடிருந்த ஒருவரைக் 'காலஞ்சென்ற' என்று எழுதிவிட்டு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். அந்தக் கவர் போய்ச் சேர்ந்தால் என் வேலை போய்விடும். இது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் அவரோடு பஸ்ஸில் போனேன். பெட்டியைப் புடவைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். ஜினாலயத்து வெளி மண்டபத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடிதம் எழுதிய பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க பேப்பர்காரரே. யானையை நேர்ல பாத்தீங்களா, இல்ல அதுவும் யாராவது சொன்னதா?"

சிரித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியை எழுந்தார். எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் அட்டை எழுதி வைக்கவில்லை, அது தன் தப்பு என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நான் காத்திருக்காமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் என் பெயர் அதோடு தப்பியிருக்கும். அது முடியவில்லை. "இருக்கச் சொன்னாங்க. நான் இருக்கலை. கேட்காம எழுதினேன்" என்றேன். 

ஆசிரியை ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் ஒரு வெள்ளை இலை. மூடியிலிருந்து விழுந்த அந்தத் துண்டு. முதலில் அதை மூடியின் குழியில் பொருத்திக் காட்டினார். பிறகு, துணி கட்டி வடிகட்டிய தண்ணீரை ஒரு சொம்பில் வாங்கி, அதில் போட்டார். மிதந்தது. அடிவரை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். மேலே வந்தது.

"தந்தமா இருந்தா அடியில போய் உக்காந்துக்கும்" என்றார்.

பெரியவர் சொம்பைத் தன் பக்கம் இழுத்துத் தானும் இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ரேகை பார்த்தார். முகர்ந்தார்.

"சரிம்மா. ஒட்டறதுக்கு என்ன போட்டிருக்கான்? வஜ்ஜிரப் பசை மாட்டுத் தோல்ல காய்ச்சறதாச்சே."

"புளியங்கொட்டைப் பசை மாமா. நீங்க கேப்பீங்கன்னு அதையும் ஆசாரிகிட்ட காட்டிக் கேட்டுட்டு வந்தேன்."

"இவளுக்குக் கேக்கத் தெரியுது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பெரியவர். இம்முறை நானும் சேர்ந்து சிரித்தேன். பெட்டி ஒரு வருடம் டவுனிலேயே இருக்கட்டும், பிறகு ஆலயத்துக்கு வரட்டும், மற்றப் பொருட்களும் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது. ஆசிரியை கவரைப் பெரியவரிடம் நீட்டினார். அவர் அதை நாலாகக் கிழித்தார்.

பொழுது சாய்ந்தபின் சமணர்கள் சாப்பிடுவதில்லை என்பதால் எல்லோருக்கும் அவசரமாக இலை போட்டார்கள். எனக்கும் போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் வைங்க, பேப்பர்காரர் ரொம்ப கம்மியா சாப்பிடறார்" என்று பெரியவர்தான் எழுந்து வந்து பரிமாறச் சொன்னார். நான் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடாதது போல் சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆசிரியையிடம் என் வேலை விஷயத்தைச் சொன்னேன். மடியிலிருந்த பெட்டியின் துணியை இறுக்கிக் கட்டினார். பிறகு, "உங்க கையெழுத்து நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் அந்த அறைகளில் உட்கார்ந்து இருபத்துமூன்று அட்டைகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் இது என்ன மரம் என்று நான் கேட்க வேண்டும், அவர் சொல்ல வேண்டும். ஈட்டி, கருங்காலி, பலா, வெப்பாலை. கேட்காமல் நானாக எழுதிய ஓர் அட்டையை அவர் திருப்பிக் கொடுத்தார். அதுவும் தவறுதான்.

திருத்தம் அவர் சொன்னபடியே நாலாம் பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது.

அதன்பிறகு பல வருடம் பத்திரிகையில் இருந்தேன். பெட்டி மூடியில் இதழ்கள் பதினாறு என்று இன்றும் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்த வேலையில் நான் நீடித்ததற்குக் காரணம் என் கணக்கு அல்ல, என் அவசரத்தால் தன் அறையே பூட்டப்படும் நிலையிலும் ஒரு பெண் அந்தக் கவரைப் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டி நடந்த அந்த நாட்கள்தான்.