மடு மண்ணும் ஜீப்பின் முன் சில்லும்

அடுத்த வீட்டு மருமகளின் கால்விரல் எங்கே போனது என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? பூசை முடிந்ததும் ஒருவர் மாறி ஒருவர் வந்து என்னை மறிக்கிறீர்கள். செபமாலை சொல்ல வரச்சொன்னால் மட்டும் எல்லாருக்கும் முழங்கால் நோ. சரி, இருங்கள். மாதா எனக்குச் செய்ததை மறைத்தால் பாவம். நான் செய்ததை மறைத்தால் அதைவிடப் பாவம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

போன மாசி மாதம், சாம்பல் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணி இருக்கும். என் மருமகள் சுகந்தி வேலியோரம் கிடந்த காய்ந்த ஓலையை இழுத்தாள். அடியில் புடையன் பாம்பு கிடந்தது. வலது பாதத்தில் கொத்திவிட்டது.

மகன் அன்ரன் அவளைத் தூக்கி ஜீப்பின் பின் இருக்கையில் கிடத்தினான். அந்தப் பழைய ஜீப்தான் எங்கள் பிழைப்பு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றி இறக்குவான். நாயாற்றுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆசுப்பத்திரிக்கு முக்கால் மணித்தியாலம் வேண்டும். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன்.

பயம் வந்தால் எனக்குப் பகிடிதான் வரும். "பாம்பை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. உன்னைக் கடிச்சுப்போட்டு அது எங்கை கிடந்து துடிக்குதோ" என்றேன். வேறு நாளென்றால் அவள் இரண்டு மடங்காகத் திருப்பித் தந்திருப்பாள். அன்று வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. பல் முரசெல்லாம் இரத்தம்.

செம்மலை தாண்டி ஒரு வளைவு. கீழே படார் என்று ஒரு சத்தம். எஞ்சின் கத்துகிறது, ஜீப் நகரவில்லை. அன்ரன் இறங்கிக் குனிந்து பார்த்தான். எழும்பும்போது அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"முன் சில்லை இழுக்கிற டிரைவ் ஷாப்ட் முறிஞ்சு போச்சம்மா. இதுக்கு முன் சில்லிலைதான் இழுவை, இனி இது ஒரு அடி போகாது."

அம்புலன்சுக்கு அடித்தான். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. அது ஏன் முறிந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டினாலும் வள்ளம் இறக்கினாலும் மடு மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மண்ணில் ஒரு சிட்டிகை காவலுக்குப் போடாமல் விடமாட்டோம். மார்கழியில் நத்தார்ப் பெருநாளுக்கு முதல் அன்ரன் ஜீப்புக்குக் கீழே படுத்திருந்து, டிரைவ் ஷாப்டின் மூட்டுப் பகுதியை மூடியிருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது என்றான். புதிது வரும்வரை ஒரு ரியூப் துண்டால் கட்டிவிட்டான். அவன் சாப்பிடப் போன நேரம் நான் சில்லுக்குப் பின்னால் கையை விட்டேன். அவன் கட்டியதை நெகிழ்த்தி, மடு மண்ணில் ஒரு பிடி உள்ளே தள்ளினேன். சிட்டிகை காணாது என்று நினைத்தேன். பெரிய வாகனமல்லவா?

அடுத்த மாதம் ஜீப் திரும்பும்போதெல்லாம் டொக் டொக் என்றது. அவன் கவலைப்பட்டான். "மாதா தட்டிப் பாக்கிறா, விடு" என்றேன். நான் சொன்னதைக் கேட்டு விட்டும்விட்டான்.

இப்போது அவன் பெண்சாதி நடுரோட்டில் செத்துக்கொண்டிருந்தாள். நான் தாரில் முழங்காலில் விழுந்தேன். எனக்கு நீட்டிச் செபிக்கத் தெரியாது. "தாயே, மண் போட்டது நான். அவளிலை பழியைப் போடாதே. உயிரை மட்டும் தா" என்று கேட்டேன். அழுகைகூட வரவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வயல் பாதையிலிருந்து நெல்மூட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு உழவு மெஷின் ஒன்று ஏறி வந்தது. ஓட்டியவர் நெற்றி நிறையத் திருநீறு. அதற்கு முன் அவரைக் கண்டதில்லை. நான் விளக்கம் சொல்லத் தொடங்க, "கதை பிறகு, பிள்ளையைத் தூக்குங்கோ" என்றார். பாதி மூட்டையை ரோட்டில் தள்ளிவிட்டு அவளைப் பெட்டிக்குள் கிடத்தினார். அவளை ஆசுப்பத்திரியில் இறக்கிவிட்டு அவர் திரும்பி வருவதற்குள் மாடுகள் இரண்டு மூட்டையைப் பிரித்துத் தின்றிருந்தன. அந்த மனிசன் இன்றுவரை அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

சுகந்தி ஐந்து நாள் கண் திறக்கவில்லை. ஆறாம் நாள் தண்ணி கேட்டாள். உயிர் தப்பிவிட்டது என்று டொக்டர் சொன்னார். பாதம் அழுகத் தொடங்கிவிட்டது, மூன்று விரலை எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் விரல் மிஞ்சியிருக்கலாமாம்.

கராஜில் ஜீப்பின் ஷாப்ட் மூட்டுப் பகுதியைக் கழற்றினார்கள். உள்ளே கிறீசும் மண்ணும் சேர்ந்து சாந்துபோல இருந்ததாம். யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஜீப் ஓட்டுகிற இன்னொருவன்தான் செய்தான் என்று அன்ரன் அவன் வீட்டுக்குப் போய்ச் சட்டையைப் பிடித்தான். நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. எந்தப் பகிடியும் வாயில் வராத மூன்று நாள்.

நாலாம் நாள் கட்டிலடியில் இருவருக்கும் சொன்னேன். அன்ரன் எழும்பி வெளியே போனான். உயிர்ப்பு ஞாயிறு வரையும் என் முகம் பார்க்கவில்லை. சுகந்தி கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள்.

"மாமி, அழவேண்டாம். அழுதிட்டு நீங்கள் சுகமாப் போயிடுவியள். புண் ஆறுமட்டும் நீங்கள்தான் இதைக் கழுவோணும். வேறை ஆரும் தொடக்கூடாது."

கழுவினேன். காலையும் மாலையும், சுடுதண்ணி வைத்து. மூக்கைப் பொத்தினால் அவள் பார்ப்பாள். நான் கழுவும்போது அவள் பல்லைக் கடிப்பாள், பிறகு என்னைத்தான் ஏசுவாள். எனக்கு அந்த ஏச்சு வேண்டியிருந்தது. அன்ரன் சட்டையைப் பிடித்த பெடியன் வீட்டுக்கும் நடந்து போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் தாய் என்னை முற்றத்தில் நிற்கவைத்துத்தான் கேட்டாள். இப்போது சுகந்தி தடியில்லாமல் நடக்கிறாள், கொஞ்சம் சரிந்து. அவள் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் மாதாவுக்கு நன்றி சொல்கிறேன்.

அற்புதம் நடந்த வீடென்று மெழுகுதிரியோடு வந்த அயலட்டைச் சனத்துக்கும் இதைத்தான் சொன்னேன். "கேட்டதை மாதா தாறா. நம்பிக் கேளுங்கோ. நான் உயிரை மட்டும் எண்டு கேட்டன், உயிரை மட்டும் தந்தா. நீங்கள் கேக்கேக்கை கால்விரலையும் சேத்துக் கேளுங்கோ."