கழுவிக் கவிழ்த்த குழாய்கள்

அந்த நீலத் தட்டில் விரல் நுனி அளவுக் குழாய்கள் பன்னிரண்டு கவிழ்ந்து கிடந்தன. எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவியிருந்தார்கள்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலம். உப்பள வரப்பில் வளரும் உமரிச் செடி அத்தனை உப்பை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மரபணு அனுப்பும் செய்தியை வழியிலேயே மறித்து அடக்கிவிடும் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் செடிக்குள் உண்டு. நான் தேடியது அவற்றைத்தான். இலைச் சாற்றை வடிகட்டியில் விட்டால் பெரிய ஆர்.என்.ஏ. மேலே தங்கும், சின்னது வடிநீரோடு கீழே இறங்கிவிடும். மற்றவர்களுக்கு அந்த நீர் கழிவு, எனக்கோ அதுதான் எல்லாம். அன்று பசி அவசரத்தில், முன்பெல்லாம் அதைக் கொட்டிய பழக்கதோஷத்தில், "அக்கா, இதக் கொட்டிக் கழுவிருங்க" என்று அட்டெண்டர் அக்காவிடம் வடிநீர்க் குழாய்கள் இருந்த தட்டை நீட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது எங்கள் மேடம் தட்டருகே நின்றிருந்தார். மழையில் உப்பளம் மூழ்கிவிட்டது. அடுத்த வெயில் வரை வேறு இலை கிடையாது. "யாரு கொட்டுனது?" என்றார். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். அன்று காதில் விழாத அளவுக்கு இறங்கியிருந்தது.

"நாந்தான் மேடம்" என்ற அக்கா, என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். ஃப்ரீசரின் இரைச்சல் மட்டும் கேட்டது. படிப்பு போய்விடுமோ என்ற பயத்தில் நான் தரையைப் பார்த்தேன். அக்காவுக்குத் தினக்கூலி வேலை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மேடம் சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை.

திரேஸ்புரம் பஸ்ஸுக்கு அக்கா நின்ற இடத்துக்கு ஓடினேன். "ஏளா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?" என்றார். அவ்வளவுதான், பஸ் ஏறிவிட்டார். அவர் தெரு எனக்குத் தெரியும், ஆனால் போகவில்லை. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல? அடுத்த வெயிலில் இலை கிடைத்தது, பிறகு பட்டமும் கிடைத்தது.

இப்போது எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. போன வாரம் மேசையில் ஒரு தட்டு, அதில் கழுவிய குழாய்கள். "புது அக்கா கொட்டிட்டாங்க மேடம்" என்றாள் என் மாணவி. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த அக்கா, கையைப் பிசைந்துகொண்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"கொட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

மாணவி தலை குனிந்தாள். ஃப்ரீசர் இரைந்துகொண்டிருந்தது. அவள் வாய் திறக்கும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.