பேசக்கூடாத நடையில் நாங்கள் பேசியது

மகன் பதிவு செய்துகொடுத்த மழைக்காட்டு விடுதியில் இன்று காலை மௌன நடை.

"யாரும் பேசாம வாங்க. பறவைச் சத்தத்த மட்டும் கேளுங்க" என்றார் வழிகாட்டி.

முழங்கால் வலி, காலெல்லாம் அட்டை. நானும் மனைவியும் வழிநெடுகப் பேசிக்கொண்டுதான் போனோம்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இருவருக்கும் ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. மிஷின் இரைச்சலில் கையும் உதடும்தான் பேசும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று நான் கேட்டதே கையால்தான்.

"எம்புட்டு நேரந்தான் நடக்க, திரும்புவோமா?" என்று உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். வழிகாட்டி திரும்பினால் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டுவாள். மில்லில் அதற்கு மேஸ்திரி வாரார் என்று அர்த்தம்.

முடிவில் வழிகாட்டி எங்களைத்தான் பாராட்டினார். "அய்யாவும் அம்மாவுந்தான் வாயே தெறக்கல. எத்தன பறவைச் சத்தம் கேட்டீக?"

அவர் உதட்டைப் பார்த்துத்தான் கேள்வியே புரிந்தது. அவருக்குப் பின்னால் நின்று மனைவி பத்து விரலையும் விரித்தாள்.

"பத்து இருக்கும் தம்பி" என்றேன்.

கூட வேலை பார்த்த மில்காரர்களே, உங்களில் யாருக்காவது பறவைச் சத்தம் கேட்கிறதா?