மைக்ரோஸ்கோப் அறையில் முறைத் தண்ணீர்

சேலத்துக்கு வடக்கே, ஓமலூர் சாலையில் இருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் 1976-இல் ஒரே ஒரு நல்ல மைக்ரோஸ்கோப்தான் இருந்தது. கேமரா பொருத்தியது. அதை எந்தத் துறைக்கும் கொடுக்காமல், தனி அறையில் வைத்து, எல்லாருக்கும் பொது என்று அறிவித்திருந்தார்கள். அறைக்குப் பொறுப்பு சென்னியம்மாள். திருச்செங்கோட்டுப் பக்கம் குடியானவர் வீட்டுப் பெண், விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்தவர்.

பொது என்றதும் சண்டை வந்தது. முதலில் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருப்பதில்லை. நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவர்களும் உண்டு. விலங்கியல்காரர்கள் பொருத்திய லென்ஸை நிலவியல்காரர்கள் கழற்றினார்கள். தாவரவியல்காரர்கள் இரண்டு பேரையும் திட்டினார்கள். கடைசியில் இயக்குநர் பெரியசாமி சென்னியம்மாளைக் கூப்பிட்டார்.

"இன்னொரு புகார் வந்துச்சுன்னா மைக்ரோஸ்கோப்பை ஒரே துறைக்குக் குடுத்துட்டு அந்த ரூமைப் பூட்டிடுவேன்."

எந்தத் துறை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நிலவியல் பேராசிரியர் வெங்கடாசலம் எல்லாரையும்விட மூத்தவர். வெகுநாளாகக் கேட்டுக்கொண்டும் இருந்தார். அறை பூட்டப்பட்டால் சென்னியம்மாளுக்கு வேறு வேலை கொடுப்பார்கள். ஆனால் மற்ற துறை மாணவர்கள் ஒரு படம் எடுக்க மெட்ராஸுக்கு ரயில் ஏற வேண்டும். பெட்டியைப் பிரித்து அந்த மைக்ரோஸ்கோப்பை மேசையில் ஏற்றியவர் சென்னியம்மாள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் காத்தவரும் அவர்தான்.

அவருடைய அப்பாவுக்குப் பங்காளிகளோடு பொதுவாக ஒரு கிணறு. ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத அந்தப் பங்காளிகள் கூட முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். தன் முறையில் பாய்ச்சாமல் விட்டவருக்கு அது போனதுதான். விலக்கு ஒன்றே ஒன்று, உயிர்த்தண்ணீர். நாற்று நட்ட மூன்றாம் நாள் தண்ணீர் காட்டாவிட்டால் பயிர் பிழைக்காது. அதைக் கேட்டு வந்தவர் எப்பேர்ப்பட்ட சண்டைக்காரராக இருந்தாலும், முறைக்காரர் மடையைத் திருப்பிவிட வேண்டும்.

ஒருநாள் டீ நேரத்தில் எல்லாத் துறையினரையும் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார் சென்னியம்மாள்.

"ஏன் அம்மிணி, எங்களையெல்லாம் பங்காளி ஆக்கிட்டயா?" என்றார் வெங்கடாசலம். "அப்பச் சீக்கிரமே கோர்ட்டுக்குப் போயிருவோம்!"

"அங்க போகாம இருக்கத்தானுங்க சார் முறை வெக்கறது."

சிரித்தபடியே ஒத்துக்கொண்டார்கள். காலையில் ஒரு துறை, மதியம் ஒரு துறை என்று முறை நடந்தது. சில மாதங்கள் ஒரு புகாரும் இல்லை.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. கந்தவேல் என்ற விலங்கியல் ஆராய்ச்சி மாணவனுக்குக் காலை முறை. காவிரித் தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அவனுடைய ஆராய்ச்சி. பள்ளிபாளையத்துக்கு விடியற்காலையிலேயே போனவன், ஈரத் துணி சுற்றிய பாட்டிலோடு திரும்பி வந்தபோது மதியம் ஆகிவிட்டது. நாற்காலியில் வெங்கடாசலம் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக்கல் குவாரியில் எடுத்த கல்லைக் கண்ணாடித்தாள் போல மெல்லிசாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சுங்க அக்கா. பஸ்ஸு சங்ககிரியில படுத்துக்கிச்சு. சாயங்காலத்துக்குள்ள பாக்கலீன்னா உள்ள இருக்கறதெல்லாம் செத்துப்போயிருமுங்க."

"முறை தவறிருச்சே, கந்தவேலு."

"தவறுனா தவறுனதுதான்," என்றார் வெங்கடாசலம், கண்ணை எடுக்காமலேயே. "சட்டம் போட்டது இந்த அம்மிணிதான்."

பேசாமல் இருந்தால் புகார் வராது. அவரை எழுப்பினால் கட்டாயம் வரும். அறைக்குப் பூட்டும் வரும். சென்னியம்மாள் பாட்டிலைப் பார்த்தார்.

"உயிர்த்தண்ணி கேக்கறேனுங்க சார்."

"என்னது?"

"உங்க கல்லு நாளைக்கும் கல்லாத்தானுங்க இருக்கும். இவன் பாட்டில்ல இருக்கறதுக்கு இன்னைக்குப் பொழுது மட்டுந்தான்."

"இதைச் சரிபண்ணி வெக்க எவ்வளவு நேரமாச்சுன்னு தெரியுமா? இயக்குநர்கிட்டச் சொல்லாம விடமாட்டேன்."

"சொல்லுங்க சார். இப்ப எந்திரிங்க."

எழுந்தார். வெளியே போனார். சென்னியம்மாள் லென்ஸை மாற்றி, வெளிச்சத்தைச் சரிசெய்தார். கந்தவேல் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தான். மெல்லிய காம்புகளில் மணி மணியாக நின்ற உயிர்கள் சட்டென்று சுருங்கி மறுபடி விரிந்தன. வரிசையாகப் படம் எடுத்தார்கள். இதுதான் இந்த அறையில் எடுக்கும் கடைசிப் படம் என்று நினைத்து, சென்னியம்மாள் ஒவ்வொன்றையும் நிதானமாக எடுத்தார்.

மறுநாள் காலை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வெங்கடாசலம் முன்பே அங்கே இருந்தார்.

"இந்த அம்மிணி முறை வெச்சதுல தப்பு இருக்குதுங்க," என்று ஆரம்பித்தார் அவர். "எங்க ஊர்ல உயிர்த்தண்ணி வாங்குனவன் அடுத்த முறையில அதைத் திருப்பிக் குடுக்கணும். இவங்க அதைச் சொல்லவே இல்லை. என்னோட மதியம் எங்க போச்சு?"

சென்னியம்மாள் வீட்டுக் கிணற்றில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வெங்கடாசலத்தின் ஊரான ஓமலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் உண்டு போலிருக்கிறது.

"ஆக, இதுவும் புகார்தானே?" என்றார் இயக்குநர். "ரூமைப் பூட்டிட்டு மைக்ரோஸ்கோப்பை உங்களுக்கே குடுத்துடறேன்."

"பூட்டறதா? நல்லா இருக்குதுங்க கதை! மடையைத் திருப்பிவிட்டுட்டு, அதைச் சாக்கா வெச்சுக் கிணத்தையே எழுதி வாங்கிக்கிட்டான்னு எம்பேரு கெடறதுக்கா? பாக்கி முறை வந்தாப் போதும்."

அடுத்த வாரம் கந்தவேல் தன் முறையைக் கொடுத்துக் கடனைத் தீர்த்தான். இயக்குநர் பூட்டைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை. 1984-இல் நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் ஒருவர், கோழிப்பண்ணையில் விழுந்த நோயைப் பார்க்க ஸ்லைடுகளோடு வந்து, வெளியாளை விடுவார்களோ என்று வாசலிலேயே தயங்கி நின்றார். அவருக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னவர் வெங்கடாசலம். சென்னியம்மாள் நாற்காலியைத் துடைத்து டாக்டரை உட்காரவைத்து, ஜன்னலின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டார்.