சோதனைச் சாவடியில் ஒரு ஒப்பாரி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். நான் திருநெல்வேலியில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இலக்கியமும் நாட்டார் பாடல்களும் சொல்லித்தரும் கோடைக்காலப் படிப்பு ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு மாணவர்களையும் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தேன். இடமும் கிடைத்துவிட்டது. “சண்டை நடக்கிற ஊருக்குப் பாட்டுப் படிக்கவா போறே?” என்று அம்மா கேட்டாள்.

கண்டியில் குண்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் துணிக்கடைக்குள் நுழையக்கூடப் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. பஸ்ஸில் தமிழில் பேசினால் முன்சீட்டில் ஒரு தலை மெதுவாகத் திரும்பும். நான் இந்தியத் தமிழ்ப் பெண் என்பதால் விடுதிப் பொறுப்பாளர் என் பாஸ்போர்ட்டை அடிக்கடி வாங்கிப் பார்ப்பார்.

என் வகுப்பில் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். கண்டிக்குப் பக்கத்து ஊரான கம்பளையைச் சேர்ந்தவள். நான் பாட்டுச் சேகரிக்க எங்கே புறப்பட்டாலும் கேட்காமலேயே கூட வருவாள். யாரைப் பார்த்தாய், அடுத்து எங்கே போகிறாய் என்று ஆங்கிலத்தில் விசாரிப்பாள். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். தமிழ் தெரியாதவளுக்குத் தமிழ்ப் பாட்டுக் கேட்க ஏன் இவ்வளவு ஆசை? விடுதியில் என் அறையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு, “கவனமா இரும். அவவோட கனக்கக் கதைக்காதையும்” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பளைப் பெண் சிரித்தால்கூட நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நானும் அவளுமாக மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். தாலாட்டுப் பதிவு செய்ய வேண்டும். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் முதல் சில கதவுகள் எங்களைக் கண்டதும் சாத்திக்கொண்டன. கடைசியில் ஒரு அம்மா உள்ளே கூப்பிட்டார். ஆனால் பாடவில்லை. டேப்ரிக்கார்டரையே பார்த்தார்.

“இத எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?”

படிப்புக்காக என்று சொன்னேன். வாசலோரம் உட்கார்ந்திருந்த என் கூட்டாளியைக் கண்ணால் காட்டினார்.

“அந்தப் புள்ளைக்குத் தமிழ் வெளங்குமா?”

“தெரியாதும்மா” என்றேன்.

அந்தத் தைரியத்தில்தான் அவர் பாட ஆரம்பித்தார். முதலில் தாலாட்டு. கொஞ்ச நேரத்தில் குரல் மாறியது. தாலாட்டு எங்கே முடிந்தது, ஒப்பாரி எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

“கடையில நின்ன மகனே – ஒன்ன
ஜீப்புல ஏத்தினாங்க
எந்தக் கம்பிக்குள்ள நிக்கிறியோ – நான்
எவரக் கேட்டு வருவேன்...”

மகன் பெயரையும் பாடினார். அவன் வேலை செய்த கடையையும் சொன்னார். கண்டியில் அவனைப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகிறதாம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாதாம். விசாரிக்கப் போன மாமனையும் மிரட்டி அனுப்பிவிட்டார்களாம். நான் இயந்திரத்தை நிறுத்த மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தால் கம்பளைக்காரி எழுந்து வெளியே போயிருந்தாள்.

பஸ்ஸுக்காக ஒரு தேநீர்க் கடையில் காத்திருந்தோம். அவள் பெஞ்சில் உட்காரப் போன நேரம், கடைக்காரர் தேநீர் ஆற்றிக்கொண்டே தமிழில், “அந்தப் பக்கம் உக்காராதீங்க, கால் ஆடுது” என்றார். அவள் சட்டென்று நகர்ந்து மறுபக்கம் உட்கார்ந்தாள்.

இவளுக்குத் தமிழ் தெரியும். அந்த அம்மா பாடியது முழுவதும் இவளுக்குப் புரிந்திருக்கிறது. என் வார்த்தையை நம்பித்தானே அவர் வாயைத் திறந்தார்? பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன்.

வத்தேகம தாண்டி ஒரு சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் இருந்த டேப்ரிக்கார்டரை ஒரு சிப்பாய் எடுத்து அதிகாரியிடம் கொடுத்தான். அவர் பொத்தானை அழுத்தினார். அந்த அம்மாவின் அழுகை ரோட்டில் கேட்டது.

“மொகத மே?” இது என்ன என்று கேட்டார். எனக்குச் சிங்களம் வராது. பஸ்ஸில் வந்த தமிழர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது கம்பளைக்காரி வரிசையை விட்டு முன்னால் போனாள். எனக்குத் தமிழ் தெரியும், நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதிகாரி நாடாவைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அவள் ஒவ்வொரு வரியாகக் கேட்டுச் சிங்களத்தில் சொன்னாள்.

எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன். என்னைப் பிடித்தால் தூதரகம் வரும். அந்த அம்மாவுக்கு யார் வருவார்? ‘ஜீப்பு’ என்ற சொல் வந்ததும் அதிகாரி நாடாவை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். அவள் தயங்காமல் பதில் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு டேப்ரிக்கார்டரை என் கையில் கொடுத்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பஸ் கிளம்பியதும் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு தமிழில் பேசினாள். நல்ல தமிழ்.

“பாம்பு கடிச்சுச் செத்த மகனுக்குத் தாய் அழுறதுன்னு சொன்னேன். ஜீப்பு எதுக்குன்னு கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தோட்டத்து ஜீப்புன்னு சொன்னேன்.”

“தமிழ் தெரியாதுன்னு ஏன் சொன்னீங்க?”

“கம்பளையில எங்க வீட்டுக் கடையைச் சுத்தி எல்லாம் தமிழ்க்காரங்கதான். சின்ன வயசுலேயே பழகிட்டேன். ஒரு தடவை போலீஸ்ல ஒரு பையனைப் பிடிச்சு வெச்சுட்டு, அவன் சொல்றதச் சிங்களத்துல சொல்ல என்னைக் கூப்பிட்டாங்க. நான் சொன்னேன். அவன் சொன்னத அப்படியே சொன்னேன். அவன் இன்னும் வீட்டுக்கு வரல. அதுக்குப் பிறகு எனக்குத் தமிழ் தெரியாது.”

“அப்புறம் ஏன் என்கூடவே வர்றீங்க?”

“தனியாப் போனா இந்த மாதிரி இடத்துல உங்களுக்காக யாரு பேசுவா?”

அன்று மாலையே அந்த ஒப்பாரியை நாடாவிலிருந்து அழித்தேன். வகுப்பில் தாலாட்டை மட்டும் போட்டுக் காட்டினேன். அவள் பின்வரிசையில் ஒன்றும் விளங்காதவள்போல உட்கார்ந்திருந்தாள். நானும் யாரிடமும் சொல்லவில்லை, என் அறைத்தோழியிடம்கூட.

அந்த அம்மாவின் மகன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. பிறகு எத்தனையோ மொழிபெயர்ப்புகளைப் படித்துவிட்டேன், மாணவர்களுக்குப் பாடமும் நடத்திவிட்டேன். ஆனாலும் ஒரு பாட்டைக் காப்பாற்றுவது வேறு, பாடியவரைக் காப்பாற்றுவது வேறு என்பதை, மூலத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அந்த ஒரு மொழிபெயர்ப்பிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.